பதினேழாம் பகுதி பற்றிய அறிவிப்பு

முதலில் செய்தி:
பதினேழு கிடைத்துவிட்டது.

எங்களிடம் இல்லை, இல்லவே இல்லை என்று
முப்பத்தைந்து வருடமாகச் சாதித்த தொலைக்காட்சி நிலையம்
பொய் சொல்லவில்லை. அவர்களிடம் இல்லைதான்.
டுலூத் நகரத்து மேட்டுத் தெருவில்
போன இலையுதிர்காலத்தில் செத்துப்போன
பல் டாக்டர் ஒருவரின் நிலவறையில்
கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்களுக்கு அடியில் இருந்தது.

புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள்,
ஒரு பெண்ணுக்குப் பதினாறு வயது, வாழ்க.
அவர்களுக்காக:
'கடைசி வரிசை' என்பது
வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு
யாரும் பார்க்காத பழைய படங்களை
மூன்று பேர் பார்த்த நிகழ்ச்சி. அவ்வளவுதான்.
இரண்டு ஆண்கள், சுவரில் அறைந்த ஒரு மீன்.
மீன்தான் நன்றாகப் பேசும்.

அட்டை ராக்கெட் கிளம்பும்போது
"நூல் தெரியுது, கொஞ்சம் மறைங்கப்பா" என்னும்.
கண்ணாடிக் குழாயைக் குலுக்கியபடி விஞ்ஞானி
நாளை உலகம் அழியும் என்பான்.
"அப்ப இன்னிக்கே வாடகையைக் குடு" என்னும்.
எழுதினால் சிரிப்பு வராது, தெரியும்.
ஜனவரியில்,
கணப்பு இருமிக்கொண்டிருக்கும் வீட்டில்,
தனியாகப் பார்த்திருக்க வேண்டும்.

பதினேழில்
முதுகில் ஜிப் வைத்த நண்டு
ஒரு நகரத்தைத் தின்கிறது.
பார்த்தேன் என்று சொன்னவர்கள் பதினொரு பேர்.
ஜிப்பைப் பார்த்து மீன் சொன்ன அந்த ஒரு வரியைப்
பதினொரு மாதிரி சொன்னார்கள்.
ஆர்வில் நிஸ்கனென் அந்த வரிக்காகத்
தன் தம்பியோடு பேச்சை விட்டவர்.

சனிக்கிழமை மீன்பிடிப்போர் சங்கக் கூடத்தில் கூடினோம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
நாற்காலி அறுபது, ஆட்கள் தொண்ணூறு.
நாடாவின் பூஞ்சையைக் காதுக் குச்சியால்
மூன்று வாரம் துடைத்தவள் கலியா சியோங்.
கொண்டுவந்தவர் டாக்டரின் மகன், டெரிக் ஸ்டென்ஸ்ருட்.
நிகழ்ச்சியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம்.
கோட்டைக் கழற்றாமல் கதவருகே நின்றார்.

பத்தொன்பது நிமிடம்
சொர்க்கம்.
நண்டு வந்தது. தபால் நிலையத்தைத் தின்றது.
மெல்ல, மெல்ல, முதுகைத் திருப்பியது.
மீன் மூச்சை இழுத்தது.

பனிக்கட்டி.

பனிக்கட்டி, தடுப்புப் பலகை,
கையில் மட்டையோடு விழுந்து எழுந்து விழும்
பத்து வயதுப் பையன்கள்.
மேலேயே பதிந்திருக்கிறார்கள்.
யாரோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நான்தான்.
ஆர்வில் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

கலியா நிறுத்தப் போனாள்.
அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்,
தனக்குள்ளே சொல்வது போல:
"வலைக்கு முன்னாடி யாரோ மெத்தை போட்டிருக்காங்க.
ஓ, அது நம்ம பையன்."

கலியாவின் விரல் பொத்தான் மேலேயே நின்றது.

முதல் கோல் கால்களுக்கு நடுவே போனது.
"கதவைத் திறந்து வெச்சு உள்ள விடறான்.
வளர்ப்பு அப்படி."
நடுவர் வழுக்கி விழுந்தார்.
"படத்துலயே நல்ல நடிகர் இவர்தான்."
கூடத்தில் முதல் சிரிப்பு பதினாறு வயதுக்காரியுடையது.
பிறகு யார் யாரென்று தெரியவில்லை.

நான்காவது கோலுக்குப் பிறகு
மெத்தை எழ முடியாமல்
பக்கவாட்டில் தவழ்ந்தது.
குரல் மாறியது.
மீனின் குரல். அதே மூக்கு, அதே சலிப்பு:
"ஊரை அப்புறம் திங்கலாம்,
முதல்ல ஜிப்பைப் போடு."

தொண்ணூறு பேரும் வாயடைத்துப் போனோம்.
பதினொன்றில் எதுவுமில்லை இது.
ஆர்வில் சொன்னதும் இல்லை, தம்பி சொன்னதும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன்.
டெரிக் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
"மொத்தம் எட்டு கோல்" என்றார்.
"இன்னும் நாலு இருக்கு. நிறுத்தாதீங்க."

திருத்தம்: சென்ற மாத மடலில்
மீனை ட்ரௌட் என்று எழுதிவிட்டேன். அது பைக்.
பட்டியலில் பதினேழுக்கு எதிரே
'முழுமை' என்று குறித்திருக்கிறேன்.
ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதலாம்.
பதில் வராது.